வழிதவறிப் போன வணக்கங்களைத் திரும்ப அழைத்த தலைவிக்கு

கோடிக் கைகள் தட்டும் திரைக்குப் பின்னே குலையாத நெஞ்சோடு நின்றவரே, கூச்சலுக்கு நடுவிலும் குறை கேட்கும் செவியைக் கொண்டவரே, எங்கள் தலைவியே, வணக்கம்.

பணி ஓய்வு நாளில் கண்ணீர் மல்குவதே பிரியாவிடை மடலின் மரபு. நாங்களோ, உண்மையைச் சொன்னால், நிம்மதியாக நிற்கிறோம். ஊரே கூடி வாயடிக்கும் ஒரு சமூக வலைத்தளத்தை இத்தனை காலம் நடத்தியும், எங்களில் ஒருவர் தலையும் உருளாமல், தங்கள் பெயரும் கெடாமல், முழுசாக வீடு போய்ச் சேர்கிறீர்கள். அதற்கே ஒரு விழா எடுக்கலாம்.

தங்கள் தலைமைப் பண்புகளை அடுக்கத் தொடங்கினால் காபி ஆறிவிடும். தங்கள் அறை மேல்மாடியில் இருந்தது; தாங்கள் இருந்ததோ கீழே, புகார்ப் பிரிவில், கால் ஆடும் அந்த நாற்காலியில். புதிதாக எதை வெளியிடுவதானாலும் அங்கே வந்து, "இதனால யாருக்கு வம்பு வரும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லாதவர் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டு படியேறிவிடுவார்.

அந்த வணக்க நாளை மறக்க முடியுமா? மென்பொருள் பிரிவின் சோதனை ஒன்று கைதவறி வெளியே போய், ஒவ்வொருவரும் தளத்தில் யார் யாரை 'பிளாக்' செய்து தடுத்து வைத்திருந்தார்களோ அவர்களுக்கெல்லாம், அவரவர் பெயரிலேயே "வணக்கம், நலமா?" என்று அனுப்பிவிட்டது. பேச்சு முறிந்த சம்பந்திகள் பேசினார்கள். முகம் திருப்பிய முன்னாள் காதலர்கள் முறைத்துக்கொண்டே பதில் போட்டார்கள். வருகை எண்ணிக்கை எகிறியது, விளம்பரப் பிரிவு குதித்தது. முதலாளி தொலைபேசியில், "விட்டுடுங்கம்மா, தளம் இப்படி ஓடினதே இல்ல" என்றார்.

அதே வேளை புகார்ப் பிரிவில் ஒரு பெண்ணின் குரல். "அடிக்கிறவர்கிட்டேர்ந்து ஒளிஞ்சு வந்திருக்கேன். என் பேர்ல அவருக்கு வணக்கம் போயிருக்கு. நான் மனசு மாறிட்டேன்னு தேட ஆரம்பிச்சிட்டாரு."

அந்தப் பெண்ணுக்குத் துணையாக ஆள் அனுப்பிய கையோடு, எல்லா வணக்கங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் அழியும்வரை தளத்தையே நிறுத்தச் சொன்னீர்கள்.

"நிறுத்தினா நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றார் முதலாளி.

"சரிங்க. இன்னைக்கு நான்தானே இருக்கேன்" என்றீர்கள். நிறுத்தினோம்.

அந்தப் பெண் பாதுகாப்பான இடம் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி மறுநாள் காலை வந்தது. பின்னாலேயே முதலாளியும் வந்தார். அவர் தடுத்து வைத்திருந்த மைத்துனர், நலம் விசாரித்ததற்கு நேரிலேயே பதில் சொல்லப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியிருந்தாராம். "நீங்க செஞ்சதுதான் சரிம்மா" என்றார் களைத்த குரலில். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தாங்கள் சொல்லாத ஒன்றை, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் அண்ணன் இன்று சொன்னார். வருடக்கணக்காகத் தாங்கள் தடுத்து வைத்திருந்த அண்ணன்.

"எனக்கும் அது வந்துச்சு. 'நல்லா இருக்கேன்மா'ன்னு உடனே போட்டேன். தங்கச்சி அதைப் பாத்துட்டா. பாத்துட்டும் எல்லாத்தோடயும் சேத்து அழிக்கச் சொல்லிட்டா. ரொம்ப வலிச்சுது. சாயங்காலம் அவளே போன் பண்ணி, 'அது மிஷின் கேட்டது. இப்ப நான் கேக்குறேன், எப்படிண்ணா இருக்கே?'ன்னா."

தலைமைக்கு இலக்கணம் தேடி நாங்கள் இனி அலைய வேண்டியதில்லை.

உடல்நலம் குன்றாமல், உள்ளம் குளிர, உறவுகள் சூழ நெடுங்காலம் வாழ்வீர்கள். நாளைக் காலை தங்கள் தொலைபேசி அடித்தால் பதறி எழ வேண்டாம். அது தளம் முடங்கிய செய்தியாக இருக்காது. தாங்கள் நலமா என்று கேட்க நாங்களேதான் கூப்பிட்டிருப்போம்.

என்றும் தங்கள்,
புகார்ப் பிரிவு முதல் வாயிற்காவல் வரை உள்ள ஊழியர்கள்