மூன்று ஷிப்டுக்கு ஒரு நாவல்

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். மதியம் வடக்குத்து வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். முன்சீட்டில் கரித்தூள் படிந்த சட்டைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, அவ செத்துட்டா. எதுக்குச் செத்தான்னு தெரியாம நேத்திலேர்ந்து அழுதுகினு இருக்கேன்."

அண்ணாச்சி காதைப் பொத்தினார். "சொல்லாதீரும்வே! எங்கிட்ட இருக்கிறது முதல் பாகம். இப்பத்தான் அவளுக்குக் கல்யாணமே ஆகுது."

"ஒரே காப்பிதான் வந்துச்சுன்னு புத்தகக் கடைக்காரரு மூணாப் பிரிச்சு ஷிப்டுக்கு ஒண்ணு குடுத்துட்டாரு. எனக்குக் கடைசிப் பாகம். உங்களுது வர்ற வரைக்கும் பொறுக்க முடியலீங்க."

"பொறுத்திருக்கணும்."

"நாளைக்குக் கடையில வாசகர் கூட்டம். நான்தான் மொதல்ல பேசணும். நாவல் பிரமாதம்னு அடிச்சுச் சொல்லுவேன். அவ ஏன் செத்தான்னு எவனாச்சும் கேட்டா?"

"நடுப்பாகம் யார்ட்ட இருக்கு?"

"நைட் ஷிப்ட் முருகேசன்கிட்ட. வடக்குத்துல வூட்ல தூங்கிகினு இருப்பாரு. எழுப்புனா அடிக்க வருவாருங்க."

வடக்குத்து நிறுத்தம் வந்தது. அண்ணாச்சிதான் முதலில் எழுந்தார்.

"உங்க குவார்ட்டர்ஸ் இன்னும் வரலியே அண்ணாச்சி?"

"புதுப்பொண்ணு சாகப்போறான்னு சொல்லிட்டீரு. இனி நான் எப்படிவே வீட்டுல போய் உக்காருவேன்? இறங்கும், ரெண்டு பேருமா அடி வாங்குவோம்."