சாலிஹ் என்று ஒரு பெயர்

"ஹலோ... ஹலோ, அண்ணே! நான் பாலசுந்தரி. எங்க நிக்கிறீங்க?... இறங்கிட்டீங்களா? ஐயோ, சுபாகரன்ட வீட்டுக்குள்ள போயிராதீங்க! சம்பந்தம் வேணாம் எண்டு வாயத் திறந்திராதீங்க!"

கல்லடியில் பழைய பெண்கள் விடுதியின் வாசலில் நின்று பாலசுந்தரி கத்தினாள். சுபாகரனுக்குப் பேசியிருந்த மகள் சர்மிலா பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றாள்.

"ஓம், ஓம்... ரெண்டு வீட்டுக்கும் சாலிஹ் எண்டுதான் பரம்பரைப் பேர். அதால ரெண்டு வீட்டு மூத்த ஆச்சிமாரும் கூடப்பிறந்தவங்க, ஒரே தாய்வழிக் குடி, அண்ணன் தங்கச்சி முறை எண்டு நீங்கதானே ஒத்தைக் கால்ல நிண்டீங்க?... கொஞ்சம் கேளுங்களன்! விடுதியில புள்ளைகளைச் சேர்த்தெழுதின அந்தக் காலத்துப் புத்தகம் கிடைச்சிட்டு... சுனாமியில போகல்ல! இஞ்ச வேலை செய்யிற றமீஸா, ஊறிக் கிடந்ததை வீட்ட கொண்டுபோய்த் தாள் தாளாப் பாயில காயவச்சிருக்கா... ஓம், அஞ்சு வருசமா பத்திரமா வச்சிருக்கா. சண்டை முடிஞ்சு றோட்டுத் திறந்தாப்பிறகுதானே நாம வாகரையிலயிருந்து தேடி வாறம்!"

அவள் புத்தகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"வாசிக்கிறன். 'ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு. பேதி கண்ட ஊர்களிலிருந்து அநாதைப் பெண்பிள்ளைகள் இருவர். உடன்பிறந்தவர் அல்லர். ஆச்சிப்பிள்ளை, காலிங்கா குடி. வள்ளியம்மை, படையாட்சி குடி. தகப்பன் பெயர் எழுதும் இடம் வெறுமையாயிருக்க வேண்டாமென்று, கூட்டிவந்த ஓட்டமாவடித் தோணிக்காரன் சாலிஹ் தன் பெயரை எழுதச் சொன்னான்.'... அண்ணே? ஹலோ?... அழுறீங்களா, சிரிக்கிறீங்களா?... ஓம், ஆச்சிப்பிள்ளை நம்மட மூத்த ஆச்சி. வள்ளியம்மை அவங்கட. வேற வேற குடி!... தோணிக்காரருக்குக் குடியெண்டாத் தெரியாதா? முஸ்லிம் ஆக்களுக்கும் தாய்வழிக் குடி இரிக்கித்தானே. பேரைத் தன்ர பேரா எழுதினாலும் புள்ளைகள்ற குடியைக் கேட்டு எழுத வச்சிருக்கார், மனிசன்!"

சர்மிலா அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"விடு புள்ள, போன் விழப்போகுது!... உங்களுக்கில்ல அண்ணே... என்ன, வாசலுக்கு வந்துட்டாங்களா? கூப்பிடுறாங்களா?... மறுகா என்ன யோசினை, போங்க! வேணாம் எண்டு சொல்ல வந்த வாயால ஓம் எண்டு சொல்லுங்க... வெட்கமா? தேத்தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்லுங்க!... பேரா? பேரை ஏன் மாத்துற? கார்ட்டில மாப்பிள்ளை பக்கமும் சாலிஹ், பொம்பிளை பக்கமும் சாலிஹ் எண்டுதான் அடிக்கோணும். நூத்திநாப்பது வருசத்துக்குப் பிறகு அவர்ர ரெண்டு புள்ளைகள்ற வீட்டிலயும் கல்யாணம்... முதல் கார்ட் றமீஸாவுக்கு... அண்ணே? சொல்லிட்டீங்களா?... என்ன சத்தம் அது? பொம்பிளையள் குரவை போடுறாங்களா?... ஹலோ? ஹலோ?..."

பற்றரி செத்துப்போனது. பாலசுந்தரி அணைந்த போனைக் கும்பிட்டுவிட்டு, றமீஸாவைத் தேடி உள்ளே ஓடினாள்.