வைத்தியரின் மனு

நான் சண்டை சச்சரவுக்குப் போகாத ஆள், சார். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பகலில் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். யார் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் 'பரிசீலனையில இருக்கு, அடுத்த வாரம் வாங்க' என்பதைத் தவிர ஒரு சொல் கூடுதலாகப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்தால் கணினி. குடி கிடையாது, புகை கிடையாது. விளையாட்டு ஒன்றுதான்.

அந்த விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. 'வடக்கே போ' என்று தட்டினால் 'உங்கள் முன் ஒரு கல்மண்டபம்' என்று திரையில் வரும். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அந்த மண்டபத்தில் ஆளுக்கொரு வேஷத்தில் கூடுவோம். வேஷத்தில் இருக்கும்போது வேஷமாகத்தான் பேச வேண்டும். தலைவலி, மின்வெட்டு, மாமியார் தொல்லை என்று சொந்தக் கதை பேச 'வெளிக்குரல்' என்று தனி வழி உண்டு. அதில் வந்தால் நிஜம், மற்றதெல்லாம் நடிப்பு. இந்த ஒழுங்கைக் காப்பாற்றுகிற விதிக்காவலர் நான்தான். அடாவடி பண்ணுகிறவர்களின் வெளிக்குரலை அடைக்கிற அதிகாரமும் எனக்கு உண்டு. சம்பளமில்லாத வேலை. ஆனாலும் ஜன்னலில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது.

என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை போனதும் இரண்டு பேரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. இழுப்பு நோய் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டார். சும்மா இருக்கிறாரே என்று நான்தான் விளையாட்டில் சேர்த்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. வைத்தியர் வேஷம் எடுத்தார். அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே நாலு ஜோக் அடிப்பார், மண்டபமே அவர் பின்னால் போனது. விதியை ஒருநாளும் மதித்ததில்லை. நடு யுத்தத்தில் வெளிக்குரலில் வந்து, 'மச்சான், காபி ஆறுது' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த மச்சான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு எப்படியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

விளையாட்டின் பழைய ராஜாவுக்கு நிஜத்தில் இரட்டைக் குழந்தை பிறந்து, ராஜ்யத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். காலியான சிம்மாசனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாக்கெடுப்பு. போட்டியில் நானும் வைத்தியரும். வருஷக்கணக்காக மாடாக உழைத்தவன் ஒருத்தன், நேற்று வந்தவன் ஒருத்தன். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கைக்கு அன்றைக்கும் துணிக்கடையில் பில் போடும் வேலை இருந்தது. கிளம்பும்போது, "அவருக்கு ராத்திரியே இழுப்பு இருந்துச்சுண்ணா, கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். பாத்துக்கிறேன் என்றேன். மாப்பிள்ளையின் மேஜையைத் துடைத்துக் கொடுத்தேன். எனக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டும். அவர் செல்போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டேன். காலையில் மண்டபத்தில் என்னைக் கிண்டலடித்ததற்காக அவர் வெளிக்குரலையும் அடைத்துவைத்தேன். அதற்கு விதியில் இடம் உண்டு. பிறகு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

எல்லோரும் வாக்கெடுப்புக்குக் கூடியிருந்தபோது வைத்தியர் எழுதினார்: 'மூச்சு விட முடியல. யாராவது வாங்க.' இழுப்பு முற்றினால் வாயில் சத்தம் வராது, விரல் மட்டும் வேலை செய்யும் போலிருக்கிறது. வெளிக்குரலில் வரவில்லை அல்லவா, ஆகவே அது நடிப்பு. மந்திரக்காரி ஓடிவந்து அவர் நெஞ்சில் பச்சிலை பூசினாள். கள்வன் தன் ஆயுளில் பாதியைத் தருவதாக எழுதினான். 'இது நிஜம்' என்றார் வைத்தியர். அடேயப்பா, என்ன நடிப்பு என்று பாராட்டு குவிந்தது. அத்தனை அன்பான ஜனங்கள், ஒருத்தருக்கும் எங்கள் வீட்டு முகவரி தெரியாது. படைத்தலைவன் மட்டும் வெளிக்குரலில் என்னிடம், உங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டான். பக்கத்துலதான் இருக்கார், நல்லா இருக்கார் என்றேன். பக்கத்தில்தான் இருந்தார்.

சுவரைத் தட்டினார். விளையாட்டில் சுவரைத் தட்டுவதற்குக் கட்டளை கிடையாது, அதனால் அதற்கு என்னால் பதில் போட முடியவில்லை.

அப்புறம்தான் அவர் முதல்முறையாக விதியை மதித்தார். திரையில் வைத்தியர் என் பீடத்தின் முன் மண்டியிட்டார். 'விதிக்காவலரே, தங்கள் சட்டைப்பையில் இருப்பதை அடியேனுக்குத் தந்தருள வேண்டும்' என்று எழுதினார். ஒரு குறை சொல்ல முடியாத மனு. எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆமாம், இன்ஹேலர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. மேஜையைத் துடைத்தபோது எடுத்தேன். கொஞ்ச நேரம் தேடி அலையட்டும், அதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிடும் என்றுதான். எப்படித் தெரிந்துகொண்டாரோ. எழுந்து போய்க் கொடுத்திருப்பேன், சத்தியமாக. பாதி எழுந்தும்விட்டேன். அதற்குள் மண்டபம் முழுக்க 'வைத்தியர் வாழ்க' என்று வரிவரியாக வர ஆரம்பித்தது. உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலில் சொல்வதையே தட்டினேன்: 'உமது மனு பரிசீலனையில் உள்ளது.' பக்கத்து அறையில் நாற்காலி சாய்ந்தது.

இவ்வளவு அருமையாகச் செத்தவருக்குத்தான் கிரீடம் என்று அவரையே ராஜாவாக்கினார்கள். மண்டப வாசலில் சிலை வேறு. உழைத்தவனுக்கு இந்த உலகத்திலும் மதிப்பில்லை, அந்த உலகத்திலும் மதிப்பில்லை.

தங்கை என்னைத் திட்டவில்லை. "பாத்துக்கிறேன்னு சொன்னியேண்ணா" என்றாள். அதற்கப்புறம் என் முகத்தில் விழிக்கவில்லை.

வாக்குமூலத்தில் நீங்கள் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன், அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள், சார். தர முடியாது என்று நான் சொல்லவேயில்லை. மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.