காஸ்கின்ஸ் வக்கீல் பரிட்சை எழுதுகிறார்

...நீங்களே சொல்லுங்கம்மா, இது நியாயமா? முப்பது வருஷத்துக்கு மேல கோர்ட்ல நின்ன மனுஷனைப் பள்ளிக்கூடப் பையனாட்டம் வரிசையில நிக்க வெச்சிருக்கீங்க. அதுவும் எங்க? பொருட்காட்சிக் கொட்டகையில. போன அக்டோபர்ல இங்கதான் பன்னிக்குப் பரிசு குடுத்தாங்க. அதுக்குக்கூட யாரும் பரிட்சை வைக்கலை...

உங்களைச் சொல்லலை. நீங்க பாவம், அடையாள அட்டை பாக்க வந்தவங்க. இந்தாங்க, நான்தான். ஹார்லன் காஸ்கின்ஸ், தெற்கு கரோலினா. நீங்க வடக்கு, நாங்க தெற்கு, எல்லையைத் தாண்டினா எங்க ஊரு. சுட்ட பன்னிக்கறிக்கு நீங்க வினிகர் ஊத்துறீங்க, நாங்க கடுகுக் குழம்பு ஊத்துறோம். அவ்வளவுதான் வித்தியாசம். கொலைன்னா ரெண்டு பக்கமும் கொலைதானே?

எதுக்கு இந்த வயசுலன்னு பாக்குறீங்க. பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. மக லோரா இங்க உங்க பக்கம், சார்லட் ஊர்ல வக்கீல் ஆபீஸ் வெச்சிருக்கா. வந்துருங்கப்பா, சேர்ந்து பாக்கலாம்னா. வீட்டை வித்தேன், என் ஆபீசை மூடினேன். வாசல் பலகையில அவ பேருக்கு மேல என் பேரையும் எழுதி, துணி போட்டு மூடி வெச்சிருக்கா. உங்க மாநில லைசென்ஸ் வந்தாத்தான் எடுக்கலாமாம். போறவன் வர்றவன்லாம் பொணத்தைப் பாக்குற மாதிரி பாத்துட்டுப் போறான்...

அவ ஆபீஸ்லயே ஒருத்தன் இருக்கான், ஜார்ஜியா மாநிலத்துக்காரன். என் அனுபவத்துல பாதி இருக்காது. இத்தனை வருஷம் தொழில் பண்ணினேன், என் மேல புகார் எதுவும் இல்லைன்னு சான்று வெச்சு மனுப் போட்டான். பரிட்சை கிடையாது, ஒண்ணும் கிடையாது. கைய வீசிட்டு உள்ள வந்துட்டான்.

எனக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேட்டேன். உங்க ஊர்ல எங்க ஆளுங்களைப் பரிட்சை இல்லாம சேக்குறதில்லையே, அப்ப உங்களையும் சேக்க மாட்டோம்னுட்டாங்க. சின்னப்புள்ளத்தனமா இல்ல?

நாங்க எப்படிம்மா சேக்க முடியும்? கதவைத் தொறந்தா சார்லட் வக்கீல் பூரா எங்க கடற்கரையில வந்து உக்காந்துருவானே. எங்க வக்கீல் சங்கக் கூட்டத்துல எவனாவது தொறங்கன்னு ஆரம்பிப்பான். நான்தான் எந்திரிச்சுக் கவுத்துவேன். ஒருதடவை உங்க வடக்குப் பக்கத்து வக்கீலம்மா ஒருத்தி வந்து நின்னா. புருஷனுக்கு எங்க ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சாம், இத்தனை வருஷம் வாதாடினவ மறுபடி பரிட்சை எழுதணுமான்னு கண்ணு கலங்கிக் கேட்டா. நான் ஒரே வரிதான் சொன்னேன். கைதட்டல் அடங்கவே நேரமாச்சு. என்ன சொன்னேன்னுதான் இப்ப ஞாபகம் வரலை...

சரி சரி, நகர்றேன். கடிகாரத்தைக் கழட்டணுமா? இந்தாங்க. என்னம்மா முணுமுணுக்குறீங்க?

"நல்ல வக்கீல் பரிட்சைக்குப் பயப்பட மாட்டான்..."

ஆமா. அதேதான். அதே வரிதான்...

அம்மா... நாம இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கோமா?