தந்தை ஷின்னுக்குச் செய்த பாத்திரம்

மாலை ஐந்து நாற்பது. நவம்பர் மாதம். செங்கல் சூளையிலிருந்து ஊருக்கு வரும் மண் பாதை... ஒரு பக்கம் கோதுமை வயல். மறு பக்கம் மூன்று ஆள் உயரத்துக்கு மஞ்சள் மண்மேடு. இருட்டிவிட்டால் அந்த வழியில் நாய்கூட வராது. து ஷான்கெங் மட்டும் தனியாக நடந்து வருகிறார். தோளில் மண்வெட்டி.

யார் அவர் என்று கேட்பீர்கள். நம் அகழாய்வு முகாமில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து உடைசல் ஒட்டினாளே பெய்யான், போன வருஷம் கல்யாணமாகிப் போனாளே, அவளுடைய தாய்மாமன். அவரே அவளிடம் சொன்னது. அவள் என்னிடம் சொன்னாள்.

"குடிப்பாரா மாமன்?" அடுப்போரம் உட்கார்ந்திருந்த கொங் அண்ணனுக்கு எப்போதும் முதலில் இதுதான் சந்தேகம்.

"குடிக்க மாட்டாரு. நீங்க வாய மூடிக்கிட்டு அடுப்புல ரெண்டு கரியப் போடுங்க அண்ணே. குளிருது."

ஷான்கெங்குக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மனைவி ரொங்ஹுவா செத்து இரண்டு மாதம். அவள் சாகும்போது அவர் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார். தந்தி கிடைத்து ஊர் வந்து சேர்ந்தபோது புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. வயிற்று நோவு. கடைசி நாளில் வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. "அவரு வந்துட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வந்தவர் அழவில்லை. கல்லறை மண் இன்னும் ஈரமாக இருந்தது... அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஊர் சும்மா இருக்குமா?

"கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லையே! கல்லுய்யா இவன்."

அது அவர் காதிலும் விழுந்தது. கோபம்கூட வரவில்லையாம். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அப்போது ஈறு எப்படி இருக்கும்... அப்படித்தான் உடம்பு முழுக்க இருந்தது என்றார். கிள்ளினால் தெரியும், வலிக்காது. சுரங்கத்துக்கு அவர் திரும்பிப் போகவில்லை. சூளைக்கு மண் வெட்டப் போனார். வீட்டில் அவரும் மகள் யின்லிங்கும் மட்டும். அவளுக்குப் பத்தொன்பது வயது.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன். மண்மேட்டில் ஓர் இடம் மழையில் சரிந்திருந்தது. அதைத் தாண்டும்போது அவருக்கு ஒரு வாசனை... அவித்த தினை. அப்போதுதான் மூடியைத் திறந்ததுபோல, சூடாக. சுற்றிலும் வீடு இல்லை, அடுப்பு இல்லை. வாசனை மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

சரிந்த இடத்தில் தலை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. கையை விட்டார். ஒரு கைப்பிடி தட்டுப்பட்டது.

மொத்தம் பத்துப் பழங்கால வெண்கலப் பாத்திரம், ஒன்றை ஒட்டி ஒன்றாக அடுக்கி வைத்தபடி. மறுநாள் காலையில் ஊர் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். அதிகாரிகள் வந்தார்கள். அவருக்குச் சிவப்புச் சான்றிதழும் ஒரு தெர்மாஸ் பிளாஸ்கும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தபோது அங்கே இருந்தது ஒன்பது.

பத்தாவது, முந்தின நாள் மாலையே அவருடைய பருத்திக் கோட்டுக்குள் வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த மாதிரிப் பாத்திரத்தை நாளும் பொழுதும் கழுவிக்கொண்டிருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோறு வைக்கிற பாத்திரம். உருண்டை வயிறு, கீழே சதுரப் பீடம், இரண்டு பக்கமும் மிருகத் தலை வைத்த கைப்பிடி. வயிற்றில் அந்த முகம். எதிரெதிரே நிற்கிற இரண்டு மிருகங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே முகமாகத் தெரியுமே, அது. உருண்ட கண், கொம்பு, மேல் உதடு. கீழ்த்தாடை கிடையாது. களிமண் அச்சுகளைத் துண்டு துண்டாகச் செதுக்கிப் பொருத்தி வெண்கலத்தை ஊற்றியிருக்கிறான். அச்சு சேர்ந்த கோடு மூக்கின் மேலேயே போகும்படி வைத்துவிட்டதால் கோடு எங்கே என்று நாமே தேட வேண்டியிருக்கும்.

எழுத்து மட்டும் வெளியே இருக்காது. உள்ளே, அடியில். சோற்றைப் போட்டால் மறைந்துவிடும்.

"ஏன் அங்க கொண்டுபோய் எழுதினான்? யாரு படிக்க?" என்றார் கொங் அண்ணன்.

"சாப்பிடுறவங்க படிக்க."

அவர் அடுப்பில் இன்னொரு கரியைப் போட்டார்.

ஷான்கெங்குக்கு அந்த எழுத்து கோழி கிளறின தரை மாதிரி இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்கவும் முடியாது. விற்கிற எண்ணமும் அவருக்கு இல்லை. ரொங்ஹுவாவுக்கு ஊரார் படைத்தது ஓரம் பெயர்ந்த எனாமல் கிண்ணத்தில். நூறாம் நாள் படையலுக்காவது ஒரு நல்ல பாத்திரத்தில் சோறு வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் செய்தால் ஈறுக்கு உணர்ச்சி திரும்புவதுபோல் தனக்கும் ஏதாவது திரும்பும் என்று நினைத்தாராம்.

நூறாம் நாள் டிசம்பர் கடைசியில் வந்தது. சூளைக்கு விடுமுறை. விறகும் தண்ணீரும் காலையிலேயே உள்ளே எடுத்து வைத்துவிட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஒளித்து வைத்த பாத்திரத்தை எடுத்தாயிற்றே, யாராவது வந்துவிட்டால்? இரண்டு மணிக்குப் பனி விழ ஆரம்பித்தது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் ஒட்டிய காகிதத்தில் பொத்... பொத்... என்று பஞ்சு மோதுகிற சத்தம்.

தினையும் சிவப்புப் பேரீச்சையும் சேர்த்து ஒரு பெரிய பானை நிறைய அவித்தார்கள். ஆறு மணிக்கு, அடுப்புச் சூடு ஏறும் செங்கல் படுக்கையின் மேல் குட்டி மேசையைப் போட்டார். மேசைக்கு முன்னால் ரொங்ஹுவா உட்காருகிற மெத்தை. பாத்திரத்தில் சோற்றை நிரப்பினார். ஊதுபத்தி ஏற்றினார்.

"ரொங்ஹுவா, வந்து சாப்பிடு. அன்னிக்கு நான் இல்ல. இன்னிக்கு இருக்கேன்."

சொன்னார். ஒன்றும் தோன்றவில்லை. வேறு யாருக்கோ யாரோ சொன்னதுபோல் இருந்தது.

அப்போது ஆவி நின்றது.

சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. ஆவி மேலே போய்க்கொண்டிருக்கிறது. சட்டென்று... மூடி போட்டதுபோல. வாசனையும் போய்விட்டது. தினை வாசனை, பேரீச்சை வாசனை, ஊதுபத்தி வாசனை, எல்லாமே. வெறும் குளிர்க் காற்று மூக்கில் ஏறியது.

அடுப்படியில் நின்ற யின்லிங் வந்தாள். படுக்கையில் ஏறினாள். மெத்தையில் உட்கார்ந்தாள்.

"ஏ, அது அம்மா எடம். எந்திரி."

எழவில்லை. முதுகு நேராக இருந்தது. அவள் கூன் போட்டு உட்காருகிறவள். அதற்காக அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குவாளாம்.

"யின்லிங்... சொல்றது காதுல விழலையா?"

மேசையில் சாப்பிடும் குச்சி இருந்தும் அவள் எடுக்கவில்லை. மூன்று விரலால் சோற்றை அள்ளினாள். கொதிக்கிற சோறு. விரல் சிவக்கவில்லை. மெல்லுகிற சத்தம் வரவில்லை. அள்ளினாள், விழுங்கினாள். அள்ளினாள், விழுங்கினாள். அகல் விளக்கு வெளிச்சத்தில் பாத்திரத்தைப் பார்த்தார்... அதில் பழைய களிம்புப் பச்சை இல்லை. இன்றைக்குக் காலையில் வார்த்து எடுத்ததுபோல் மஞ்சளாக மின்னியது.

சோறு தீர்ந்தது. யின்லிங் உள்ளே குனிந்து பார்த்தாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அடியில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே, வலமிருந்து இடம், நிதானமாகத் தடவிக்கொண்டு போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. தலையை மெல்ல ஆட்டினாள்... தன் பெயர் சரியாகத்தான் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் ஆட்டுவதுபோல.

பிறகு பாத்திரத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் நிரப்பினார். ஏன் நிரப்பினீர்கள் என்று பெய்யான் கேட்டிருக்கிறாள். "நீட்டுனா போடணும்ல" என்றாராம். மூன்று தடவை. பத்துப் பேர் சோறு. பானையின் அடி கரண்டியில் தட்டியது.

அப்போதுதான் கதவில் சத்தம்.

டக். டக். டக்.

கைகளால் தட்டுகிற உயரத்தில் இல்லை. கீழே. தரையை ஒட்டி. ரொங்ஹுவா கிணற்றிலிருந்து இரண்டு கையிலும் வாளியோடு வருவாள், கதவைத் திறக்கக் கை இருக்காது. செருப்பு நுனியால் கதவின் அடியில் தட்டுவாள். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு எழுந்து போய்த் திறந்தவர் அவர்.

யின்லிங் திரும்பிப் பார்க்கவில்லை. பேசினாள். அவளுடைய சொந்தக் குரல்தான், கொஞ்சம்கூட மாறவில்லை.

"அப்பா, அம்மா வந்திருக்கா."

இன்னொரு வாய் அள்ளி விழுங்கினாள்.

"எடம் இல்லேன்னு சொல்லிடட்டுமா?"

டக். டக். டக்.

எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கதவு ஆறு அடி தூரம். கால் வரவில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கால் நன்றாகத்தான் இருந்ததாம். அவசரம் தோன்றவில்லை. அப்புறம் திறக்கலாம் என்பதுபோல் இருந்தது. உட்கார்ந்தே இருந்தார்.

மூன்றாம் தடவை ஒரே ஒரு தட்டு. டக்.

அதற்கப்புறம் பனி ஜன்னலில் மோதுகிற சத்தம் மட்டும்.

"அட, போய்த் தெறந்திருக்கலாமே மனுஷன்!" என்றார் கொங் அண்ணன்.

"தெறக்கல அண்ணே."

யின்லிங் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். மறுநாள் மத்தியானம்தான் விழித்தாள். பசிக்கிறது என்றாள். முந்தின நாள் அடுப்படியில் நின்றதுவரைதான் அவளுக்கு ஞாபகம். இப்போது பாவ்ஜி நகரத்தில் இருக்கிறாள், நல்ல இடத்தில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். ஒரு குறையும் இல்லை. கொதிக்கிற பானையைத் துணி இல்லாமல் வெறும் கையால் இறக்கி வைப்பாள், அவ்வளவுதான். உப்புப் போட மறந்த சோற்றையும் அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

பாத்திரத்தை அவர் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மண்மேட்டில் இன்னொன்று கிடைத்தது என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே இருந்த படித்தவர் எழுத்தைத் துடைத்துப் படித்துச் சொன்னார். தந்தை ஷின்னுக்காக மகன் செய்த பாத்திரம், மக்கள் மக்களும் பேரர் பேரரும் என்றென்றும் இதில் படைக்க வேண்டும் என்று. ரொங்ஹுவாவுக்குச் செய்ததில்லை. யாருக்குச் செய்ததோ அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் காலத்துப் படையலைப் பற்றி நான் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். செத்தவருடைய இடத்தில் வீட்டுப் பேரப்பிள்ளை ஒன்றை உட்கார வைப்பார்களாம். அது வாயைத் திறந்து பேசாது. அவருக்குப் பதிலாக அது சாப்பிடும். அந்தப் பிள்ளைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்... சவம். ஷான்கெங்குக்கு இதெல்லாம் தெரியாது. பெய்யானிடமும் நான் சொல்லவில்லை.

ஆனால் அவர் பெய்யானிடம் இன்னொன்று சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லையாம். மறுநாள் விடிகிற நேரம். பனி அப்போதுதான் நின்றிருந்தது. பாத்திரத்தைப் போர்வையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினார். முற்றம் முழுக்க முழங்கால் வரை வெள்ளை. முதல் நாள் இரண்டு மணியிலிருந்து விடாமல் விழுந்த பனி. அந்த வீட்டுக்கு வாசலுக்கு மேல் கூரை நீட்டிக்கொண்டிருக்காது. அப்படியும் வாசற்படிக்கு முன்னால் இரண்டு இடத்தில் மட்டும் பனியே இல்லை. ஒரு பொம்பளையின் பாத அளவு. பக்கத்தில் பக்கத்தில். விரல்கள் கதவைப் பார்த்தபடி. அடியில் மண் காய்ந்து கிடந்தது... பனி தொடங்குவதற்கு முன்பே வந்து நின்றவள்.

அவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி பனி தூற ஆரம்பித்தது. முற்றத்தில் விழுந்தது. படியில் விழுந்தது. போர்வையில் விழுந்தது.

அந்த இரண்டு இடத்தில் விழவில்லை.