நிறுக்காத வரிசை

காலை ஐந்தரைக்குச் செம்பூர் பால் பூத்தில் நிற்பேன். கார்டில் இரண்டு பாட்டில். ஒன்றைக் காய்ச்சிக் குடித்துவிட்டு மற்றதைச் சாக்கடையில் ஊற்றுவேன். பிறகு சவரம், குளியல், மான்குர்த் பஸ். மனைவி இறந்த பிறகும் இதில் எதுவும் தவறவில்லை.

நான் விவசாயப் பட்டதாரி. ஓர் உரக் கம்பெனிக்காக மான்குர்த்தில் மக்காச்சோளச் சோதனை நடத்தினேன். ஒன்று வெள்ளை நாட்டு ரகம், மற்றது மஞ்சள் ஒட்டு ரகம். எக்டேருக்கு நாற்பது கிலோ தழைச்சத்தைத் தாண்டினால் நாட்டு ரகம் சாய்ந்துவிடும். ஒட்டு ரகம் நூற்றிருபது கிலோவிலும் நின்று விளையும். இதை எண்களில் நான் காட்ட வேண்டும்.

அறுபத்து நாலாம் வருடம் எண்கள் பொய்த்தன. நூற்றிருபது கிலோ போட்ட பாத்தியில்தான் கதிர் குறைவு. வயலை ஒட்டியிருந்த குடிசைக்காரர்கள் திருடித் தின்றெறிந்த சக்கைகள் வரப்பில் கிடந்தன, பல் பதிந்து, எச்சில் காயாமல், ஈ மொய்த்து. அவற்றைக் கையால் பொறுக்கி எண்ணினேன். அன்று சாப்பிட முடியவில்லை. இன்னும் ஒரு பருவம்தான் தருவோம் என்று ஆபீஸ் எழுதியது.

ஓர வரிசைக்கு வெயிலும் காற்றும் கூடுதல். அதனால் விளைச்சல் கணக்குக்கு அதை நிறுப்பதில்லை. அந்தக் கதிர்களை வேலையாட்கள் சுட்டுத் தின்பது எந்தப் பண்ணையிலும் வழக்கம். திருடர்களும் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

"ஓரந்தான சார், தின்னுட்டுப் போறான். நீங்க நிறுக்கவா போறிய?" என்றான் கூலியாள் இசக்கி. அவனை வேறு பண்ணைக்கு மாற்றினேன். நான் கொடூரன் அல்ல.

மறு பருவம், தண்டுப்புழுவுக்கு வாங்கிய எண்ட்ரின் பூச்சிமருந்தை ஓரக் கதிர்களுக்குள் ஊற்றினேன். போர்டு வைக்கவில்லை. வைத்தால் உள் வரிசையில் பறிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை என் மனைவி தங்கமயில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் ஷெட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அவள் கதிர் பறித்ததை நான் பார்க்கவில்லை. உள்ளே தொடாதே, ஓரத்தில் எடுத்துக்கொள் என்று முந்தின வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வலிப்பு. தரை முழுக்க வாந்தி. அதில் மஞ்சள் மணிகள். எந்த ரகம் என்று உடனே தெரிந்துவிட்டது. துடைத்தேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதன் பிறகே டாக்ஸி பிடித்தேன்.

என்ன சாப்பிட்டாள் என்று தமிழ் தெரியாத டாக்டர் இந்தியில் கேட்டார். மீன் என்றேன். உண்மையைச் சொன்னால் வயலை அழித்துவிடுவார்கள். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் பிழைப்பாள் என்றுதான் நினைத்தேன். விடிவதற்குள் இறந்தாள்.

அந்த வருடம் நூற்றிருபது கிலோவில் ஒட்டு ரகம்தான் முதலில் வந்தது. அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை.

கடைசியில் "முருகா" என்றாள் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வலிப்புகளுக்கு நடுவே, டாக்டர் மறுபடியும் கேட்டபோது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கருது தின்னேன்னு சொல்லுங்க... நீங்க நிறுக்குறதுல நான் கை வைக்கல."