கூரைமேல் இருவர்

உங்கள் காப்பியில் சிக்கரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம், கடலோரச் சதுப்பில், சிக்கரி கலக்காமல் யாரும் காப்பி போடமாட்டார்கள், அவ்வளவுதான். அங்கே ஒதீல் என்று ஒருத்தி போடுவது தார் மாதிரி இருக்கும். அதில் ஒரு கோப்பை குடித்தால் மதியம்வரை பசிக்காது.

கேட்டதற்கு வருகிறேன். அந்தப் படம் எங்கே நின்று எடுக்கப்பட்டது என்று கேட்டீர்கள். எத்தனையோ பத்திரிகைகள் அதை முதல் பக்கத்தில் போட்டன. பரிசு கொடுத்தவர்கள் படம் எடுக்கும் தொழிலிலேயே ஊறியவர்கள். அவர்களில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

நான் லூசியானா கரையில் பிறந்தவள். அப்பா இறால் படகு ஓட்டினார். உள்ளூர்ப் பத்திரிகையில் பள்ளிக்கூடப் பந்தயங்களையும் மாதா கோயில் திருவிழாக்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு செய்தி நிறுவனம் என்னை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. போர், பஞ்சம், நிலநடுக்கம். ஒரு நாட்டில், மகனைப் புதைத்துவிட்டு வீடு திரும்பிய தாயைப் பார்த்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். கதவைத் தட்டி, இன்னொரு முறை வாசலுக்கு வரமுடியுமா என்று கேட்டேன். வந்தாள். மறுபடி அழுதாள். அந்தப் படம்தான் எனக்கு முதல் பெயரை வாங்கிக் கொடுத்தது. அவளுக்கும் அதனால் தீங்கு ஒன்றும் வந்துவிடவில்லை.

என்னோடு தொடங்கிய வாலஸ் ஒரு தெருச் சண்டையில் குண்டு பட்டுச் செத்தான். அவன் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ப்ரூடென்ஸ் என்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது ஒஹையோவில் கல்யாணப் படம் எடுக்கிறாள். அவளை யாருக்கும் நினைவில்லை. எங்கள் தொழிலில் கடைசியில் இந்த இரண்டு வழிதான் இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஒரு நல்ல படப் புத்தகம்.

அதற்காகத்தான் ஊருக்குத் திரும்பி ஒதீல் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஒதீலுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. கணவன் இல்லை. நண்டுக் கூடு போட்டுப் பிழைத்தாள். அவள் தம்பி க்ளோவிஸ் சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்தவன். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த அந்தத் திட்டில் மிச்சமிருந்தது அவர்கள் வீடு மட்டும்தான். சுற்றிலும் உப்பில் செத்து வெளுத்துப்போன மரங்கள்.

"வந்துட்டா டப்பாக்காரி!" என்பான் க்ளோவிஸ், காமிராவைப் பார்த்ததும். "கொக்கு ஒத்தக் கால்ல நிக்குதுன்னு படம் எடுக்க வந்தியா?"

"வாய மூடுடா," என்பாள் ஒதீல். "நீ உள்ள வா கண்ணு. நண்டு வேகுது, சாப்பிட்டுட்டு அப்புறம் படம் எடு."

வருடக்கணக்காக அப்படித்தான் போனது. அவர்கள் தூங்குவதை, சண்டை போடுவதை, க்ளோவிஸை ஒதீல் குளிப்பாட்டுவதை எல்லாம் எடுத்தேன். நான் இருப்பதையே மறந்துபோகும் அளவுக்கு அவர்களுக்குப் பழகிவிட்டேன். ஒரு படக்காரிக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

படங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோனேன். பதிப்பாசிரியர் ஹாரியட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் அருமைதான். ஆனா முடிவு எங்க டெல்ஃபின்?" என்றாள். "வீடு இருக்கு, அவங்க இருக்காங்க, தண்ணி பக்கத்துல இருக்கு. அப்புறம்?"

அவள் கேட்டதில் தவறில்லை.

அந்தக் கோடையில் ஒதீல் ஒரு செய்தி சொன்னாள். உள்நாட்டில், உயரமான இடத்தில், அரசாங்கம் அவர்களுக்குச் செங்கல் வீடு கொடுத்திருக்கிறதாம். சொந்தக்காரப் பெண் யிவோன்தான் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தாளாம்.

"ஒவ்வொரு ரூம்லயும் ஏசியாம், கண்ணு. இவனுக்குச் சக்கர நாற்காலி போறதுக்குச் சரிவுப் பாதைகூட போட்டிருக்காங்க."

"எனக்குப் போக மனசே இல்ல," என்றான் க்ளோவிஸ். "ஏசின்னதும் மனசு மாறிடுச்சு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் செங்கல் வீட்டை நானும் போய்ப் பார்த்தேன். சுத்தமான புல்தரை, வெள்ளைக் கதவு. அதன் முன்னால் ஒதீல் நின்றால் அவள் யாராகவும் இருக்கலாம். அவ்வளவு வருடமும் அந்தக் கதவுக்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நீங்களும் ஒரு வழக்கை வருடக்கணக்காகத் துரத்தியிருப்பீர்கள். உங்களுக்குப் புரியும்.

அவர்கள் குடிபோவதற்கு முந்தைய வாரம் புயல் அறிவிப்பு வந்தது. ஒதீல் முட்டாள் இல்லை. அன்றே மூட்டை கட்டிவிட்டாள். திட்டுக்கு வரும் சாலை ஏற்கெனவே முழங்கால் ஆழத் தண்ணீரில் கிடந்தது. இனி படகுதான். அவர்களிடம் இருந்தது ஒரே படகு, நண்டுக் கூடு போடும் அலுமினியப் படகு. அதன் மோட்டாருக்கு எண்ணெய் குறைவாக இருந்தது.

"நான் எடுத்துட்டுப் போய் நிரப்பிட்டு வந்துர்றேன்," என்றேன். "காலையில மூணு பேரும் சேர்ந்து கிளம்பலாம்."

"நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்," என்றாள் ஒதீல். வழியில் சாப்பிட ரொட்டியும் வறுத்த மீனும் கட்டிக் கொடுத்தாள்.

எண்ணெய் நிரப்பினேன். அது பொய் இல்லை. பிறகு உள்ளே தள்ளியிருந்த, வெள்ளநீர் இறைக்கும் பம்பு நிலையத்துக்குப் போய், கான்க்ரீட் சுவரின் மறைவில் படகைக் கட்டினேன். அன்றிரவு யிவோன் போனில் கூப்பிட்டாள். என்னிடம் சாட்டிலைட் போன் இருந்தது. அவர்களிடம் எதுவும் இல்லை.

"அத்தையும் சித்தப்பாவும் கிளம்பிட்டாங்களா? மீட்புப் படகு ஒண்ணு போகுதாம். அங்க அனுப்பச் சொல்லவா?"

"வேண்டாம்மா. என்கூடத்தான் இருக்காங்க," என்றேன். "களைச்சுப் போயிருக்காங்க. எழுப்ப வேண்டாம்."

"நீங்க நல்லா இருக்கணும் டெல்ஃபின்," என்று அழுதாள் யிவோன்.

மறுநாள் காற்று எங்களைக் கடந்துபோனது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று தெரியும். காற்று நின்றதும் ஆபத்து நின்றுவிடாது. தண்ணீர் அதற்கப்புறம்தான் ஏறும். நண்பகலில் வானம் ஈயம் மாதிரி இருந்தது. நிழலே விழாத வெளிச்சம். படகை எடுத்துக்கொண்டு திட்டுப் பக்கம் போனேன்.

கூரையில் இருந்தார்கள். எங்கள் வீடுகளில் பரணில் எப்போதும் ஒரு கோடரி கிடக்கும், இதற்காகத்தான். உள்ளிருந்து கூரையைப் பிளந்து, க்ளோவிஸை இடுப்பில் கயிறு கட்டி மேலே இழுத்திருக்கிறாள், அந்த வயதில். மொத்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு காரியம் இல்லை. அதை நான் பார்க்கவில்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம்தான்.

என்னைப் பார்த்ததும் ஒதீல் எழுந்து நின்றாள். கையை உயர்த்தினாள்.

"வந்துட்டா பாருடா!" என்று தம்பியிடம் சொன்னது தண்ணீருக்கு மேலே தெளிவாகக் கேட்டது. "நான் சொல்லல? இங்க, கண்ணு! கயித்த வீசு!"

மோட்டாரை நிறுத்தினேன். கிட்டே போனால் கூரையும் தண்ணீரும் காமிராவின் ஒரே சட்டத்தில் அடங்காது. பத்திரிகைகள் அந்தப் படத்தில் அவள் கை வானத்தை நோக்கி நீண்டிருப்பதாக எழுதின. நான் திருத்தவில்லை. படத்தைப் பார்ப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். "துடுப்பு சீட்டுக்கு அடியில இருக்கு!" என்று கத்தினாள். க்ளோவிஸ்தான் முதலில் புரிந்துகொண்டான். அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். என்னவோ சொன்னான். அது எனக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் இருவரும் கூப்பிடவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கூரை பெயர்ந்து தண்ணீரோடு போகும்வரை. நீங்கள் சுவரில் மாட்டிவைத்திருக்கிறீர்களே, அது அந்த நேரத்துப் படம் இல்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் படங்களை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவை என்னிடமே இருக்கின்றன.

ஆக, படகிலிருந்து எடுத்தேன். அவர்கள் படகிலிருந்து. இரண்டு பேருக்கும் அதில் இடம் இருந்தது. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் திட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள், போனார்கள். ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? ஒதீலையும் க்ளோவிஸையும் இன்று உலகம் முழுக்கத் தெரியும். அந்தச் செங்கல் வீட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு செத்திருந்தால் யார் அழுதிருப்பார்கள்? என்னைவிட அவர்களை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அதற்குப் பெயர் அன்பு இல்லையென்றால் வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு யிவோன் வருவாள் என்று சொன்னீர்கள். வரட்டும். முடிந்தால் அவளை ஜன்னல் பக்கமாக உட்காரவையுங்கள். அழும்போது அவள் முகத்தில் அத்தையின் சாயல் அப்படியே வருகிறது. பக்கவாட்டு வெளிச்சம் அதற்கு நன்றாக இருக்கும்.